எட்டாம் நாள் வந்த வீக்கம்

ஸ்டென்ட் என்றாலே நம் ஊரில் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். காலுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று சொன்னதும் கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "ஏனுங்க டாக்டர், ஹார்ட்டுலயும் எதாச்சும் கோளாறுங்களா?" என்பார். இல்லை என்று விளக்கவே பத்து நிமிஷம் போகும். இதயத் தமனியில் வைப்பது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னக் குழாய். இடுப்புச் சிரையில் நான் வைப்பது 14 அல்லது 16 மில்லிமீட்டர் அகலம். தொடை மடிப்பு வரை வர வேண்டுமென்றால் ஒன்றின் முனையை இன்னொன்றுக்குள் கொடுத்து இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும். விலையும் அப்படித்தான். இதய ஸ்டென்ட்டுக்கு 2017-இல் மத்திய அரசு உச்ச விலை வைத்தது; அந்த ஆணை இதயத்தோடு நின்றது. காலுக்கு வாங்குகிறவர் நகையை அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் கேத் லேபுக்குள் போகிறேன்.

அகலத்தைவிடப் பெரிய வித்தியாசம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. தமனியில் இதயம் அடித்துத் தள்ளிய வேகம் உண்டு. சிரையில் அது கிடையாது. கெண்டைக்கால் தசை பிழிந்து விடுவதை நம்பி, மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கு வழிவிட்டு, ரத்தம் மெல்ல மேலே ஏறுகிறது. வேகமாக ஓடும் தமனியில் உறைவதில் பிளேட்லெட் அணுக்களுக்குப் பெரிய பங்கு. சோம்பி ஓடும் சிரையில் ஃபைப்ரின் என்ற நாரும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான் கட்டியாகின்றன. அதனால் இதய ஸ்டென்ட்காரருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் காவல் என்றால், என்னிடம் வருகிறவருக்கு ஹெப்பாரின் வகை ஊசியும், பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும். "எங்க மாமனாருக்கு ஹார்ட்டுக்குக் குடுத்த மாத்திரை வீட்ல இருக்குதுங்க, அதையே போட்டுக்கலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது.

இடுப்புச் சிரைக்கு ஸ்டென்ட் ஏன் வேண்டியிருக்கிறது என்பதில் உடம்பின் அமைப்புக்கே ஒரு பங்கு உண்டு. வலது காலுக்கு இறங்கும் பெரிய தமனி, இடது காலிலிருந்து ஏறும் சிரையைக் குறுக்கே கடக்கிறது. பின்னால் முதுகெலும்பு. முன்னால் துடிக்கும் தமனிக்கும் பின்னால் எலும்புக்கும் நடுவில் சிரை அகப்பட்டு நசுங்குகிறது. இடது காலில் ரத்தம் அதிகம் உறைவதை 1851-லேயே ருடால்ஃப் விர்கோ கவனித்துவிட்டார். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களைத் திறந்து பார்த்து, ஏறக்குறைய 22 சதவீதத்தில் அந்த இடத்தில் சிரையின் உட்சுவர் தடித்து முடிச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். இப்படி இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பிரசவம், எலும்பு முறிவு, நீண்ட படுக்கை என்று ஏதாவது ஒன்று மேலே சேரும்போதுதான் கால் முழுதும் உறைகிறது. அந்தக் கட்டி கரைந்தாலும் சிரைக்குள் தழும்பு நிற்கும். வருஷக்கணக்கில் வீக்கம், கணுக்கால் உள்பக்கம் கறுப்பு, கடைசியில் ஆறாத புண். அந்தத் தழும்பை விரித்துப் பிடித்து வைக்கத்தான் ஸ்டென்ட்.

அப்படி வைத்த ஸ்டென்ட்டே முதல் மாதத்துக்குள் உறைந்து போவதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அமெரிக்காவின் மிஸிஸிப்பியில் பீட்டர் நெக்லேனும் சேஷாத்ரி ராஜுவும் 982 கால்களில் செய்த சிகிச்சையின் நீண்ட காலக் கணக்கை 2007-இல் வெளியிட்டார்கள். ஆறு ஆண்டு முடிவில், வெறும் அழுத்தத்துக்காக வைத்த ஸ்டென்ட்டுகளில் 79 சதவீதம் மறு கைவைப்பு எதுவும் இல்லாமலே திறந்திருந்தன. முன்பே உறைந்து தழும்பேறிய சிரையில் வைத்தவற்றில் அது 57. மறுபடி உள்ளே போய்ச் சரிசெய்ததையும் சேர்த்தால் முன்னது 100, பின்னது 86. தழும்பேறிய காலில் ஒரு முறையோடு வேலை முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்பதும், விழிப்பாக இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்பதும் அந்த இரண்டு வரிசை எண்களுக்குள்ளேயே இருக்கின்றன.

பல்லடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விசைத்தறிக்காரரைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். நாளெல்லாம் தறி முன்னால் நின்றே செய்யும் வேலை. சில வருஷங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து இடது கால் முறிந்து, கட்டுப் போட்டுக் கிடந்தபோது ரத்தம் உறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கால் சரியாகவே இல்லை. நரம்புச் சுருட்டல் என்று சொல்லி எங்கெங்கோ வைத்தியம் பார்த்து, கணுக்காலில் புண் வந்து, வேறொரு ஊரில் இடுப்புச் சிரைக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். முதல் வாரத்தில் கால் பாதியாக வற்றியது; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார முடிந்தது என்றார் மனைவி. எட்டாம் நாள் காலையில் தொடை வரை மறுபடி வீங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்த ஊர் தூரம் என்பதால் எங்களிடம் கூட்டி வந்தார்கள்.

"மறுக்கா பழையபடி கனக்குதுங்க," என்றார் அவர். அதற்குமேல் பேசவில்லை. மனைவிதான் பேசினார்.

"ஊசி ரெண்டு வேளையும் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல போட்டோமுங்க. வயிறெல்லாம் நீலம் பாஞ்சிருச்சு. பாக்கவே பயமா இருந்துச்சுங்க. அப்பறம் காலைல ஒரு வேளை மட்டும்..."

என்னோடு நின்ற இளம் டாக்டர் உடனே கேஸ் ஷீட்டில் அதை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனோக்ஸாபரின் என்ற அந்த ஹெப்பாரின் வகை ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டியது. பாதி டோஸில் பாதி நாள் காவல் இல்லைதான். ஆனால் கிடைத்த முதல் காரணத்தோடு நிற்பவர் இந்த வேலையில் அதே நோயாளியை இரண்டாம் முறை பார்ப்பார். நோயாளிமேல் பழி போட வசதியான காரணம் என்றால் எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகும்.

டாப்ளர் கருவியைத் தொடை மடிப்பில் வைத்தேன். நல்ல சிரையில் அங்கே ஒரு ஒலி கேட்கும். மூச்சை இழுக்கும்போது தணிந்து, விடும்போது எழும். மேலே வழி திறந்திருக்கிறது என்பதற்கு அந்த ஏற்ற இறக்கமே சாட்சி. இவருக்கு ஒரே சுருதியில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், மெலிந்து ஓடியது. இடுப்புக்குள் குடல் காற்று மறைத்ததால் ஸ்டென்ட்டின் மேல் பாதியைத் திரையில் பார்க்க முடியவில்லை. கீழ்ப் பாதிக்குள் நிறமே ஏறவில்லை. ஒலியை வைத்தே மேலேயும் அடைப்புதான் என்று சொல்லலாம். படம் வருவதற்கு முன்பே காது சொல்லிவிடுகிற நாட்கள் நிறைய. புதிதாக வருகிறவர்களை நான் முதலில் திரையைப் பார்க்காமல் கேட்கச் சொல்வது அதனால்தான். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

அன்று இரவே அவரைக் கேத் லேபுக்குள் எடுத்தோம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை இந்த நோயில் நான் அனுமதிப்பதில்லை. புதுக் கட்டியை மருந்து கரைக்கும். இரண்டு வாரம் தாண்டத் தாண்ட அதில் நார் ஏறி இறுகுகிறது, பிறகு எந்த மருந்தும் உள்ளே நுழையாது. அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்கால் மடிப்பின் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே சிரைக்குள் நுழைந்தோம். வயர் தயக்கமில்லாமல் மேலே ஏறியது. அந்த இளக்கம் விரலுக்குத் தெரியும்: கட்டி புதிது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டென்ட் என்பது வலைக் குழாய். வயர் அதன் வாய்வழியாக நுழையாமல் வலைக் கண்ணி ஒன்றின் வழியே வெளியே போய், சுவருக்கும் ஸ்டென்ட்டுக்கும் இடையில் ஏறி, மேலே மறுபடி உள்ளே வந்துவிடலாம். நேர்ப் படத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். அது தெரியாமல் பலூனை ஊதினால் ஸ்டென்ட்டையே நசுக்கிவிடுவோம். அதனால் எக்ஸ்ரே கையை இரு பக்கமும் சாய்த்துப் பார்ப்பேன். பிறகு சின்னப் பலூன் ஒன்றைக் கொஞ்சமாக ஊதி, ஸ்டென்ட் நெடுக எங்கும் சிக்காமல் இழுத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. அவசரத்தில் இதைத்தான் முதலில் விடத் தோன்றும்.

பக்கவாட்டில் பல துளைகள் உள்ள கதீட்டரைக் கட்டிக்குள் படுக்க வைத்து, ஆல்டெப்ளேஸ் என்ற கரைக்கும் மருந்தை மணிக்கு ஒரு மில்லிகிராம் போகும்படி விட்டோம். கூடவே, நுழைந்த இடத்தில் வைத்திருக்கும் ஷீத் என்ற உறைக்குழாய் வழியாகக் குறைந்த அளவு ஹெப்பாரின். இதற்கு முன் கையெழுத்து வாங்கும்போது நான் எதையும் மழுப்புவதில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு எந்தக் கட்டி நல்லது, எது கெட்டது என்று தெரியாது. காலில் புதிதாக ரத்தம் உறைந்த 692 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான அட்ராக்ட் ஆய்வில், இந்த வழியில் சிகிச்சை பெற்றவர்களில் 1.7 சதவீதம் பேருக்கு முதல் பத்து நாளில் பெரிய ரத்தப்போக்கு. வெறும் உறைவுத் தடுப்பு மருந்து பெற்றவர்களில் 0.3. ஸ்டென்ட் அடைத்தவர்களுக்கான ஆய்வு இல்லை அது, ஆனால் ஆபத்தின் அளவைச் சொல்ல என் கையில் இருக்கும் நேர்மையான எண் அதுதான். "நூத்துல ரெண்டு பேருக்கு ரத்தம் போகலாம்; அது தலைக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்ப தொண்ணூத்தெட்டுப் பேருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த இரவு நர்ஸ்களுடையது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபைப்ரினோஜன் அளவு. 150-க்குக் கீழே இறங்கினால் மருந்தைப் பாதியாக்குவேன், 100-க்குக் கீழே நிறுத்திவிடுவேன். சதையில் ஊசி கூடாது. பல் ஈறு, மூத்திர நிறம், ஷீத் நுழைந்த இடம், முதுகு வலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தலைவலி என்று ஒரு வார்த்தை வந்தால் மருந்தை நிறுத்திவிட்டுத்தான் எனக்குப் போன் அடிக்க வேண்டும் என்பது எங்கள் வார்டு சட்டம். டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று காத்திருந்தால் அந்த நேரத்தில் தலைக்குள் இன்னும் கொஞ்சம் கசிந்திருக்கும். அன்றைக்கு இருந்த சிஸ்டர் அவரிடம் ராத்திரி முழுக்கத் தறி விலையும் நூல் விலையும் பேசிக்கொண்டிருந்தாராம். பேச்சு குழறாமல் வருகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

காலையில் படம் எடுத்தபோது கட்டியில் பெரும்பகுதி போயிருந்தது. மிச்சத்தைப் பலூனால் நசுக்கி உறிஞ்சி எடுத்தோம். பலூன் விரியும்போது இடுப்புக்குப் பின்னால் வலிக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். வீடு திரும்பலாம் என்பதுபோல் எல்லோரும் கையுறையைக் கழற்றப் பார்த்த நேரம் அது. திரையில் சாயம் அழகாக மேலே ஓடியது.

அங்கேதான் ஐவஸ் கேட்டேன். ரத்தக் குழாய்க்குள்ளேயே அனுப்புகிற அல்ட்ராசவுண்ட் அது. சாயப் படம் பக்கவாட்டு நிழலைக் காட்டும். ஐவஸ் குழாயின் குறுக்கு வெட்டை உள்ளிருந்து காட்டும். ஸ்டென்ட்டின் மேல் முனை நன்றாக விரிந்திருந்தது. நடுவில் குறையில்லை. கீழே இறங்கி ஸ்டென்ட் முடிகிற இடத்துக்கு வந்தபோது வழி பட்டென்று சுருங்கியது. தொடை மடிப்புக்குக் கீழே, ஆழத் தொடைச் சிரை வந்து சேரும் சங்கமத்துக்குச் சற்று மேலே, பழைய தழும்பு ஒரு விரற்கடை நீளத்துக்கு அப்படியே இருந்தது. ஸ்டென்ட் அதைத் தொடாமல் மேலேயே நின்றுவிட்டது. ஏரி மதகு அடைத்துக் கிடக்கும்போது கடைமடை வாய்க்காலை எவ்வளவு தூர்வாரினாலும் அதில் பாசிதான் பிடிக்கும். பதினாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரித்து வைத்த குழாய்க்குள் கீழேயிருந்து வரும் ரத்தம் போதவில்லை, தேங்கியது, உறைந்தது. இரவு ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் எட்டாம் நாளுக்குப் பதில் இருபதாம் நாள் அடைத்திருக்கலாம்.

முதலில் வைத்தவர் ஏன் அங்கே நிறுத்தினார் என்பது எனக்குப் புரிகிறது. இடுப்பு மடங்கும் இடத்தில் தமனிக்கு ஸ்டென்ட் வைக்க எல்லோரும் தயங்குவார்கள். மடங்கி மடங்கி உடையும். அந்தப் பழக்கம் சிரைக்கும் வந்துவிடுகிறது. ஆனால் தொடை மடிப்புத் தசைநாரைத் தாண்டி சிரை ஸ்டென்ட்டை இறக்குவதால் மட்டும் கெடுதல் இல்லை என்று நெக்லேனும் ராஜுவும் 2008-லேயே காட்டியிருக்கிறார்கள். நல்ல இடத்தில் ஆரம்பித்து, நோயுள்ள இடம் முழுவதையும் தாண்டி, நல்ல இடத்தில் முடிக்க வேண்டும், மடிப்பு எங்கே இருந்தாலும் சரி. ஆழத் தொடைச் சிரையின் வாயை மூடாமல் கவனமாக இன்னொரு ஸ்டென்ட்டைக் கீழே நீட்டினோம். மறுநாள் டாப்ளரில் மூச்சோடு ஏறி இறங்கும் ஒலி கேட்டது.

எல்லாக் காரணமும் குழாயில் இருப்பதில்லை. ஹெப்பாரின் போய்க்கொண்டிருக்கும்போதே ஸ்டென்ட் அடைத்தால் நான் முதலில் கேட்பது பிளேட்லெட் எண்ணிக்கையை. ஊசி தொடங்கி ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அது பாதிக்கும் கீழே விழுந்திருந்தால், உறையாமல் காக்க வேண்டிய ஹெப்பாரினே உறைய வைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அபூர்வம்தான். ஆனால் அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஹெப்பாரின் ஏற்றுவது கொலைக்குச் சமம். அதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

பிரசவம் முடிந்த சில வாரத்தில் இடது கால் வீங்கி வந்த ஒரு பெண்ணுக்கு உள்வழி, வெளிவழி, விரிவு எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டென்ட் அடைத்தது. முன்பு இரண்டு கரு தங்காமல் போயிருந்ததை அவள் மாமியார்தான் சொன்னார். அவளாகச் சொல்லவில்லை, நாங்களும் கால் நோய்க்கு வந்தவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. கரு தங்காமல் போவதற்கும் ரத்தம் உறைவதற்கும் சேர்த்தே காரணமாகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். இதற்கான ரத்தப் பரிசோதனையை ஹெப்பாரினும் ரிவராக்ஸபன் போன்ற புது உறைவுத் தடுப்பு மாத்திரைகளும் குழப்பும். பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். இந்த நோயின் கடுமையான வகையில் ரிவராக்ஸபன் வார்ஃபரினைவிட மோசமாக முடிந்ததை 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அவளுக்கு வார்ஃபரின். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை மாதா மாதம் பார்க்க வேண்டிய, எல்லோரும் அலுத்துக்கொள்கிற அந்தப் பழைய மாத்திரைதான். கீரையே தொடக்கூடாது என்று யாரோ சொல்லி, பால் கொடுக்கிற பெண் கீரையை அறவே நிறுத்தியிருந்தாள். நிறுத்த வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடு, மருந்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் ஓர் இரவு மருந்து விடாமல் ஒரே அமர்வில் கட்டியை எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. உறிஞ்சுவது, வலையில் வாரி இழுப்பது, உப்புநீரைப் பீய்ச்சி உடைப்பது என்று பல வகை. அண்மையில் மூளையில் ரத்தம் கசிந்தவருக்கோ அறுவை முடிந்து வந்தவருக்கோ இவை வரம். நான் ஒன்றுக்கும் விரோதியில்லை. உப்புநீர்க் கருவி சிவப்பணுக்களை உடைப்பதால் மறுநாள் மூத்திரம் சிவந்து போகும், சிறுநீரகம் சோர்ந்தவருக்கு யோசித்துத்தான் எடுக்க வேண்டும். வலைக் கருவியை ஸ்டென்ட்டுக்குள் இழுக்கும்போது ஓரத்தில் மாட்டாமல் பார்க்க வேண்டும். இதைவிட என் கவலை, கட்டி போன படத்தைப் பார்த்ததும் வேலை முடிந்ததாக நினைத்துக் கிளம்ப இவை இன்னும் வசதி செய்துகொடுக்கின்றன என்பது. கருவிக்கு இருக்கிற பணம் ஐவஸுக்கு இல்லை என்று சொல்லும் நிலை வந்தால், நான் கருவியை விட்டுவிட்டு மருந்தும் ஐவஸும் கேட்பேன்.

தொடாமல் விட்டதும் உண்டு. ஸ்டென்ட் அடைத்து இரண்டு மூன்று மாதம் கழித்து, சாதாரணப் பரிசோதனையில் தெரிய வந்த ஒரு பெரியவர். கால் வீங்கவில்லை; சுற்றுவழிச் சிரைகள் தாங்களே பெருத்து வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. மகன் திறந்தே ஆக வேண்டும் என்று நின்றார், காசு போட்டு வைத்ததாயிற்றே என்று. அப்பா நடக்கிறார், தூங்குகிறார், புண் இல்லை. எதற்கு?

இப்போது வீட்டுக்கு அனுப்புமுன் மறுநாளே ஒரு ஸ்கேன், இரண்டு வாரத்தில் ஒன்று, ஆறு வாரத்தில் ஒன்று என்று தேதி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஊசியை முதல் சில வாரம் தொடர்ந்துவிட்டுத்தான் பெரும்பாலும் மாத்திரைக்கு மாற்றுகிறேன். வயிறு நீலம் பாயும், அது சகஜம், அதற்காக நிறுத்தக் கூடாது என்று நோயாளியிடம் இல்லாமல் ஊசி போடப்போகிறவரிடம் சொல்கிறோம். ரிவராக்ஸபன் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் முழுதாக உடம்பில் சேரும். புரட்டாசி சனிக்கிழமை விரதக்காரர்களிடமும் நோன்பு வைப்பவர்களிடமும் முன்கூட்டியே நேரம் பேசி வைக்கிறோம். காலை நீட்டி மணிக்கணக்கில் உட்காராமல் நடக்கவும், தண்ணீர் குடிக்கவும் சொல்கிறோம்.

கூடவே ஒரு டேப். எங்கள் பகுதியில் தையல் டேப் இல்லாத வீடு கிடையாது. முழங்காலுக்குக் கீழே பத்து சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு, தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து காலண்டரில் குறிக்கச் சொல்கிறேன். திடீரென்று ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் அன்றே வர வேண்டும். பல்லடத்து அம்மா இதை என்னைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் சாயங்காலம் போன். "ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்குதுங்க, கெளம்பி வந்துட்டே இருக்கறோமுங்க." வந்ததும் ஸ்கேன் பார்த்தேன், ஸ்டென்ட் திறந்திருந்தது. அவர் அன்று பகல் முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அம்மா சாயங்காலம் அளந்திருக்கிறார். காலையில் அளக்க வேண்டும் என்று சொன்னேன். "காலைலயும் அளந்தனுங்க, சரியாத்தான் இருந்துச்சு. இவரு வேலைக்குப் போகமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க, அதை எப்படி உங்ககிட்டச் சொல்றது?" என்றார். நின்று செய்யும் வேலைக்கு அழுத்தக் காலுறையும் இடையிடையே நடக்க வேண்டிய நேரமும் எழுதிக் கொடுத்து, இரண்டு பேரையும் அனுப்பி வைத்தேன்.